இறைச்சிக்கடையின் நான்காம் விதி

2024 மார்ச் 6, புதன்கிழமை. ஸுபஹ் தொழுது முடித்தபோது மணி ஐந்து இருபத்தைந்து. குழாயில் தண்ணீர் மெல்லிதாக வந்துகொண்டிருந்தது. இரண்டு வாளிகளையும் சமையலறை டிரம்மையும் நிரப்பினேன். இடியப்பம் அவிந்துகொண்டிருக்கும்போது கணவரின் சட்டையை அயன் செய்து மாட்டினேன். ஆறரைக்குப் பையை எடுத்துக்கொண்டு இறைச்சிக்கடைக்குப் புறப்பட்டேன். புதனும் சனியும் எங்கள் வீட்டில் இறைச்சி நாள். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

எங்கள் ஊரில் ஐந்து மாட்டிறைச்சிக் கடைகள் இருக்கின்றன. இரண்டு ஒரே ஹாஜியாருக்குச் சொந்தம். நான் போவது கடற்கரை வீதி முடியும் இடத்தில் இருக்கிற மிகச் சிறிய கடைக்கு. அதை நடத்துபவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நாளுக்கு ஒரு மாடுதான் அறுப்பார். ஒன்பது மணிக்குள் எல்லாம் விற்று, மரக்குற்றியைக் கழுவி உப்புப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அன்று கடைக்கு முன்னால் வழமையை விட மூன்று மடங்கு கூட்டம். காரணம் விலைப்பலகை. மற்ற நான்கு கடைகளிலும் இருந்த விலையை விட கிலோவுக்கு இருநூறு ரூபாய் குறைத்து, பெரிய எழுத்தில், வெள்ளைச் சோக்கினால் எழுதியிருந்தார். அந்தப் பலகை திங்கட்கிழமையிலிருந்து அப்படி இருப்பதாக வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"மிஸ் வந்திட்டாங்க. எல்லாரும் ஒழுங்கா நில்லுங்க. வரிசை கோணினாலும் எழுதிப் போடுவாங்க."

"வரிசைக்கு விதி இல்ல. தராசுக்குத்தான்," என்றேன்.

"அப்ப விலைக்கு? இவர்ர கடையப் பூட்டப் போறாங்களாமே. மெய்யா?"

கடைக்காரர் கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து என் ஒரு கிலோவை வெட்டினார். தராசின் முகம் என் பக்கம் இருந்தது. பொதியைத் தரும்போது மெல்லிய குரலில் சொன்னார்:

"ராத்தா, பின்னேரம் கூட்டத்துக்கு வரச் சொல்லிரிக்காங்க. நீங்களும் இரிப்பீங்கதானே?"

"ஓம். நான்தானே செயலாளர்."

வீட்டுக்கு வந்து, கேக் செய்வதற்காக வாங்கிய சிறிய தராசில் இறைச்சியையும் எலும்பையும் வேறாக்கி நிறுத்தேன். எலும்பு நூற்று முப்பது கிராம். நாட்குறிப்பில் எழுதினேன். இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கணவர் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறார். ஆனால் இந்தப் பழக்கம்தான் என்னை நுகர்வோர் பாதுகாப்பு வட்டத்தின் செயலாளராக்கியது. அன்று என் கழுத்தில் வந்து விழுந்ததும் அதன் தொடர்ச்சிதான்.

நான் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். போன வருடம் நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், ஊரில் இறைச்சி விலையை இஷ்டத்துக்கு ஏற்றினார்கள். காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு வேறு விலை. தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு இன்னொன்று. ஒரு விதவை வாங்கிய ஒரு கிலோவில் அரைவாசி எலும்பு என்று பையோடு பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் முறையிட்டாள். அதற்குப் பிறகுதான் பள்ளிவாசல் நூலக அறையில் கூட்டம் கூடியது. நிருவாக சபைத் தலைவர், ஐந்து கடைகளின் உரிமையாளர்கள், ஊர்ப் பெரியவர்கள் சிலர், நான். நுகர்வோர் வட்டம் அமைத்து, செயலாளராக விதிகளை எழுதும் வேலையை எனக்குத் தந்தார்கள். சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன்.

முதல் விதி, எல்லாரும் பார்க்கும்படி விலைப்பலகை வைக்க வேண்டும். இரண்டாவது, தராசின் முகம் வாங்குபவர் பக்கம் இருக்க வேண்டும். மூன்றாவது, ஒரு கிலோவில் எலும்பு இருநூறு கிராமுக்கு மேல் போகக்கூடாது. இந்த மூன்றும் என் யோசனை. நான்காவதை ஹாஜியார் சொன்னார்.

"தங்கச்சி, கூட்டி விக்கிறவனப் பிடிக்கிறீங்க, நல்லம். குறைச்சி விக்கிறவன் ஏன் குறைச்சி விக்கிறான் எண்டு யோசிச்சீங்களா? செத்த மாடு, சீக்கு மாடு, களவு மாடு. அதுதான் குறைச்சிக் குடுக்கலாம். கூட்டவும் ஏலா, குறைக்கவும் ஏலா எண்டு எழுதுங்க. அப்பதான் சனத்துக்குப் பாதுகாப்பு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மலிவு என்றால் சந்தேகம் என்று நானும் வளர்க்கப்பட்டவள். கூட்டம் நிர்ணயிக்கும் விலைக்கு மேலேயோ கீழேயோ விற்கும் கடை ஏழு நாள் மூடப்படும் என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். எல்லாக் கடைக்காரர்களும் கையொப்பமிட்டார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு வாசித்துக் காட்டினார்கள். அந்தக் கிழமை வீதியில் நடந்து போனால் பெண்கள் என் கையைப் பிடித்து துஆச் செய்தார்கள். அதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டிருந்தால் இன்று வாசிக்க வெட்கமாக இருக்காது.

புதன்கிழமைக்குத் திரும்புகிறேன். எட்டரைக்குக் கந்தோரில் கையொப்பமிட்டேன். ஒன்பதேகாலுக்கு ஒரு கடிதம் வந்தது. மற்ற இரண்டு கடைக்காரர்களும் ஹாஜியாரும் சேர்ந்து ஒப்பமிட்டது. சிறிய கடை நான்காம் விதியை மீறிவிட்டது, வியாழன் முதல் ஏழு நாள் மூடும்படி செயலாளர் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வியாழனிலிருந்து ஏழு நாள் என்றால் நோன்பின் தொடக்க நாட்களும் அதற்குள் வரும். இறைச்சிக்கடைக்காரருக்கு வருடத்தில் முக்கியமான கிழமை அதுதான்.

கடிதம் எழுதத் தாளை எடுத்தேன். எந்தச் சட்டத்தின் கீழ் என்று ஒரு வரி போட வேண்டும். அப்படிப் போடாமல் நான் எந்தக் கடிதமும் எழுதியதில்லை. மேசை லாச்சிக்குள் நுகர்வோர் சட்டப் புத்தகம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அம்பாறையில் நடந்த பயிற்சியில் தந்தது. திறந்து பார்த்தேன். முதல் பாதி முழுக்க என் பென்சில் கோடுகள்: விலையைக் காட்சிப்படுத்தல், பற்றுச்சீட்டு, காலாவதித் திகதி, தவறான நிறை. பிற்பாதி சுத்தமாக இருந்தது. ஒரு கோடும் இல்லை. அன்று பயிற்றுநர் மதியத்துக்கு முன் முதல் பாதியை முடித்தார். பின்னேரம் பஸ் கிடைக்காது என்று நாங்கள் நாலைந்து பெண்கள் சாப்பாட்டோடு கிளம்பி வந்துவிட்டோம்.

அந்தப் பிற்பாதியை புதன்கிழமை பதினொரு மணிக்குத்தான் முதன்முதலாக வாசித்தேன். வியாபாரிகள் தங்களுக்குள் சேர்ந்து போட்டியைக் கெடுப்பதைப் பற்றியது அது. போட்டியைத் தடுப்பதோ, திரிப்பதோ, கட்டுப்படுத்துவதோ விசாரிக்கப்படலாம் என்று இருந்தது. உச்ச விலையை விதிப்பதற்கு அதிகாரம் பெற்றவர்கள் வேறு இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. பள்ளிவாசல் நூலகத்தில் கூடிய ஒன்பது பேருக்கு அந்த அதிகாரம் இல்லை. வாங்குபவரைப் பாதுகாக்கும் பகுதியும் விற்பவர்களுக்கிடையில் போட்டியைப் பாதுகாக்கும் பகுதியும் ஒரே அட்டைக்குள் ஏன் இருக்கின்றன என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போனேன். சாப்பிடுவதற்கு முன் நாட்குறிப்புகளை எடுத்து, விதி வருவதற்கு முந்திய இறைச்சி நாட்களையும் பிந்திய இறைச்சி நாட்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். சிறிய கடை மூடியிருந்த நாட்களில் நான் மற்ற நான்கு கடைகளிலும் மாறி மாறி வாங்கியிருக்கிறேன். விதிக்கு முன் அந்த நான்கிலும் எலும்பு ஒருநாள் தொண்ணூறு கிராம், ஒருநாள் முந்நூறு, ஒருநாள் நூற்றைம்பது. விதிக்குப் பின் நான்கிலும் இருநூறு. நூற்றுத் தொண்ணூற்றைந்து, இருநூறு, மறுபடியும் இருநூறு. நான் வைத்த எல்லை அந்த நான்கு கடைக்கும் அளவாகிவிட்டிருந்தது. முன்னர் தொண்ணூறு கிராம் தந்து ஆட்களைப் பிடித்த கடைக்குக்கூட அப்படித் தருவதற்கு இனிக் காரணம் இல்லை. விலையும் அப்படித்தான். கூட்டம் கூடிய மூன்று தடவையும் விலை ஏறியது. நாவிதன்வெளிப் பக்கம் அறுவடை முடிந்து, ஆட்கள் மாடு விற்று, மாடு மலிந்த மாதத்திலும் ஒரு ரூபாய் குறையவில்லை. யாரும் குறைக்க முடியாதே. எழுதி வைத்தவள் நான்.

சோற்றை மூடி வைத்துவிட்டுக் கந்தோருக்குத் திரும்பினேன்.

அஸர் தொழுகைக்குப் பின் நாலரைக்கு நூலக அறையில் கூட்டம். தலைவர் நடுவில் இருந்தார். ஓய்வுபெற்ற அதிபர், மெதுவாகப் பேசுபவர். ஹாஜியாரும் மற்ற இரண்டு கடைக்காரர்களும் ஒரு பக்கம். சிறிய கடைக்காரர் கதவோரம் நின்றார். கதிரை இருந்தும் உட்காரவில்லை. நான் குறிப்புப் புத்தகத்தோடு சன்னல் பக்கம் இருந்தேன்.

தலைவர் அவரிடம் கேட்டார். "தம்பி, விதி தெரியுந்தானே? ஏன் குறைச்சீங்க?"

"எனக்குக் கட்டுது, சேர். சாகாமத்து மாட்டுப் பட்டிக்காரரிட்ட நானே நேர போய் மாடு எடுக்கிறன். இடையில தரகர் இல்ல. கடைக்கு ஆள் இல்ல, நானும் என்ட கத்தியுந்தான். நோன்பு வருது, சனத்திட்ட காசு இல்ல. குறைச்சா என்ன?"

ஹாஜியார் சிரித்தார். "சாகாமத்தில மாடு என்ன, மரத்திலயா காய்க்குது? நாங்களும் அங்கதான் எடுக்கிறம்."

"செத்த மாடு எண்டு ஊரெல்லாம் கதைக்கிறீங்களாம், ஹாஜியார். சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., மாட்டப் பாத்துச் சீல் குத்தின தோல் வீட்ட இரிக்கி. இப்பவே கொண்டு வந்து இந்த மேசையில விரிக்கட்டா?"

"வேணாம், வேணாம். புத்தகமெல்லாம் நாறிப் போகும்," என்றார் தலைவர். மற்றவர்கள் சிரித்தார்கள். சிறிய கடைக்காரர் சிரிக்கவில்லை.

நான் கையை உயர்த்தினேன். சட்டப் புத்தகத்தை எடுத்து அந்தப் பகுதியை வாசித்தேன். "நாலாம் விதி பிழை. குறைச்சி விக்கிறதத் தடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. எல்லாக் கடையும் சேர்ந்து ஒரே விலையில நிக்கிறதத்தான் இந்தச் சட்டம் கூடாது எண்டு சொல்லுது. அந்த விதிய வெட்டி விடுவம்."

ஹாஜியார், கோபமில்லாமல், என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அந்த விதிய எழுதினது ஆரு?"

"நான்தான்."

"பத்து மாசமா அது நல்ல விதி. இண்டைக்குக் காலையிலதான் கெட்டுப் போச்சா?"

"நான் வாசிக்காம விட்டது என்ட பிழைதான், ஹாஜியார்."

"சரி. நான் ஒண்டு கேக்கிறன். இவன் இப்பிடியே குறைச்சி விப்பான். எங்கட ஆக்கள் எல்லாம் அங்க போவாங்க. என்ட ரெண்டு கடையிலயும் ஏழு குடும்பம் சாப்பிடுது. நான் பூட்டினா, இவங்க ரெண்டு பேரும் பூட்டினா, மறுகா ஊருக்கு ஒரு கடை. அண்டைக்கு இவன் சொல்றதுதான் விலை. அப்ப உங்கட புத்தகம் வந்து இறைச்சி வெட்டித் தருமா?"

நாளுக்கு ஒரு மாடு அறுக்கிற ஒருவர் மற்ற நான்கு கடைகளின் வியாபாரத்தை விழுங்க முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. அதோடு, அவர் சொன்ன ஏழு குடும்பமும் பொய்யில்லை. அவர்களில் இரண்டு குடும்பத்தை எனக்கே தெரியும். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு முப்பது நாளும் இறைச்சி கொடுப்பவரும் ஹாஜியார்தான். அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோன்பு வாற நேரம். ஊர் ரெண்டாப் பிரியக்கூடாது. தம்பி, விலைய நாளைக்குப் பழையபடி எழுதுங்க. எல்லாத்தையும் மறந்திருவம்."

கதவோரம் நின்றவர் நிலத்தைப் பார்த்தார். "எழுத ஏலா, சேர். திங்களிலருந்து சனத்துக்கு இந்த விலை எண்டு சொல்லிட்டன். ஹோட்டல்காரங்களுக்கு இவங்க எவ்வளவு குறைச்சிக் குடுக்கிறாங்க எண்டு எனக்குத் தெரியும். ரகசியமாக் குறைச்சா ஆரும் கேக்கிற இல்ல. நான் பலகையில போட்டதுதான் பிழை."

ஹாஜியார் சன்னலுக்கு வெளியே பார்த்தார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப மகள், விதிப்படி கடிதத்த எழுதுங்க."

"நான் ஒப்பம் வைக்க மாட்டன், சேர்."

இதைச் சொல்லிவிட்டால் அத்தோடு நின்றுவிடும் என்று மதியத்திலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். செயலாளரின் ஒப்பம் இல்லாமல் எந்தக் கடிதமும் போகாது என்பது என் கணக்கு. தலைவர் கோபப்படவில்லை. தகப்பன் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"ஒப்பம் வேணாம் மகள். உங்களக் கஷ்டப்படுத்தல்ல. விதி இரிக்கிதானே, அது போதும்."

பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "நாளையிலிருந்து ஏழு நாள், தம்பி," என்றார். கூட்டம் ஐந்து இருபதுக்கு முடிந்தது.

வெளியே செருப்புப் போடும் இடத்தில் சிறிய கடைக்காரர் எனக்காக நின்றார்.

"மூணு மாடு கட்டி வச்சிரிக்கன், ராத்தா. நோன்புக்கெண்டு கொண்டு வந்த. ஏழு நாளைக்கு என்ன செய்ய? இண்டைக்குப் பட்டிக்காரரும் கோல் எடுத்தாங்க. நான் எடுக்கல்லண்டா வேற ஆளுக்குக் குடுப்பாங்க. மறுகா எனக்கு மாடு வராது."

"விதிய மீறித் திறந்தா?"

"பள்ளிவாசல் பூட்டச் சொன்ன கடையில ஆரு வந்து வாங்குவாங்க? நீங்க வருவீங்களா?"

வருவேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்தேன். அவர் அந்த யோசனையைப் பார்த்தார்.

"உங்களக் குறை சொல்லல்ல," என்றார். "அண்டைக்கு நானும் ஒப்பம் வச்சன். நாலாவத வாசிக்கல்ல. நீங்க எழுதினபடியா வாசிக்கத் தேவையில்ல எண்டு நெனச்சன்."

மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பிப் போய்விட்டார். நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். வழியில் ஹாஜியாரின் கடைச் சுவரில் நான்கு விதிகளும் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கின. அடியில் என் பெயர், பதவி, ஒப்பம். ஒப்பம் வைக்க மாட்டேன் என்று சொன்னவளின் ஒப்பம் ஐந்து கடையிலும் ஏற்கனவே இருக்கிறது.

மஃரிபுக்குப் பிறகு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார். எதையும் கேட்டுவிட்டுத்தான் பேசுவார்.

"நுகர்வோர் விசயம் பாக்கிற மாவட்டக் கந்தோரில ஒரு முறைப்பாடு குடுக்கலாம்," என்றேன்.

"ஆருக்கு எதிரா? பள்ளிவாசலுக்கா?"

"அந்த விதிக்கு எதிரா."

"விதிக்குக் கைகால் இல்லயே. ஆள்ர பேரக் கேப்பாங்க." எழுந்து சன்னலைச் சாத்தினார். "உன்ட கந்தோரிலருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். சனிக்கிழமை இறைச்சி வாங்கவும் நாம இந்தச் சந்தைக்குத்தான் போகணும். ரெண்டையும் யோசி."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்ற? நீ எப்பிடியும் எழுதத்தான் போறாய். இடியப்ப மாவு கிலோவுக்கு ஒரு கரண்டி குறைஞ்சாலே எழுதிறவள்தானே."

சிரித்தோம். அது நீடிக்கவில்லை. இஷாவுக்குப் பிறகு மதியம் மூடி வைத்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். அப்போதுதான் ஹாஜியாருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் வந்தது. அதைச் சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்குமா என்று தெரியவில்லை. விதவையின் பையையும் நினைத்தேன். நான்காம் விதியை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் நிற்குமா, அல்லது கோபத்தில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிடுவார்களா? பத்து மணிக்கு முன் படுத்துவிட்டேன்.

மார்ச் 7, வியாழக்கிழமை. ஸுபஹ் தொழுதேன். ஆறு மணிக்கு, குழாயில் தண்ணீர் பிடிப்பதற்கு முன்பே, கடற்கரை வீதிக்கு நடந்தேன். சிறிய கடை பூட்டியிருந்தது. பலகையை உள்ளே எடுத்து வைத்திருந்தார். நேற்று என் முன்னால் நின்ற பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் வெறும் பையோடு நின்றார்கள். "பூட்டித்தான் போட்டாங்க, மிஸ்," என்றாள். நேற்றைய கேலி அவள் குரலில் இல்லை. மூவரும் பெரிய கடைப் பக்கம் திரும்பி நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மேசையில் முறைப்பாட்டுப் படிவத்தை விரித்தேன். நான்கு விதிகளின் பிரதியையும், எலும்பின் நிறை எழுதிய நாட்குறிப்புப் பக்கங்களின் பிரதியையும் சேர்த்துக் கட்டினேன். பதில் வருவதற்குள் ஏழு நாளும் முடிந்துவிடும், சாகாமத்து மாடுகள் வேறு கைக்குப் போயிருக்கும் என்று தெரியும். முறைப்பாடு யாருக்கு எதிராக என்று கேட்ட கட்டத்தில் ஐந்து வரிகள் இருந்தன. முதல் வரியில் என் பெயரையும் பதவியையும் எழுதினேன்.